மொகல் தெரு படக்கடையும் பிரதாப் போத்தனின் பன்னிரண்டு படங்களும்

யாங்கூனில் பழைய தமிழ்ப் படம் வேண்டுமென்றால் இப்போது நான் போகிற இடம் ஒன்றே ஒன்றுதான். காளி கோயிலிலிருந்து நடந்து போகிற தூரம். மொகல் தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் போன் கவர், சார்ஜர், காதுல மாட்டுகிற ஒயர் எல்லாம் மாலை மாலையாகத் தொங்கும். அதை விலக்கிக் குனிந்து உள்ளே போனால் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பெரிய பேட்டரி, பேட்டரி மேலே வெற்றிலைத் தட்டு. ஸ்டிக்கை, அதாவது பென் டிரைவை, கொடுத்துப் படத்தின் பெயரைச் சொன்னால் ஏற்றி வைப்பார்கள். ஒரு படத்துக்கு அவர்கள் வாங்குவது டீக்கடையில் ஒரு லபெயே குடிக்கிற காசுகூட இல்லை.

இது சரியா, உரிமை இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு: பாதிப் படங்கள் கம்பெனிக்காரர்களே யூடியூபில் முழுசாகப் போட்டு வைத்திருப்பவை. இங்கே நெட் வருகிற லட்சணத்துக்கும் டேட்டா விற்கிற விலைக்கும் அதை வீட்டில் உட்கார்ந்து பார்க்க முடியாது. கடைக்காரர் ராத்திரியில் இறக்கி வைத்துப் பகலில் தருகிறார். மீதிப் பாதி, வாடகைக்கு விட்ட காலத்து விசிடி, டிவிடியிலிருந்து எடுத்தவை. அதைப் பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை.

புதுப் படம் கேட்டுப் போகிறவர்களுக்கு இந்தக் கடையில் குறை ஒன்றும் தெரியாது. விஜய் படம், தனுஷ் படம் என்றால் நின்ற நிலையில் வாங்கிவிடலாம். நான் கேட்டது வேறு மாதிரி. அதனால்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

இதே கடையில் ஏற்றி வாங்கிய ‘பொன்மகள் வந்தாள்’ பார்த்துக்கொண்டிருந்தோம். 2020-இல் வந்த கோர்ட்டுப் படம். அதில் ஒரு வேடிக்கை உண்டு. பாக்யராஜ், பார்த்திபன், பாண்டியராஜன், தியாகராஜன், பிரதாப் போத்தன் என்று ஐந்து டைரக்டர்கள் அதில் நடிகர்களாக இருக்கிறார்கள். மற்ற நாலு பேரை வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. நீதிபதி நாற்காலியில் இருக்கிற பிரதாப்பைப் பார்த்து என் தங்கை மகள், “இவரு எந்தப் படம் எடுத்தாரு, பெரியம்மா?” என்றாள். ‘வெற்றி விழா’ என்றேன். “அது கமல் படமில்ல?” என்றாள்.

அந்தப் பதிலுக்காகவே கடைக்குப் போய், பிரதாப் போத்தன் டைரக்ட் பண்ணிய படங்கள் எல்லாம், நடித்ததில் முக்கியமானவை, வருஷ வரிசையில் ஒரே ஸ்டிக்கில் வேண்டும் என்று கேட்டேன்.

கடைக்கார அண்ணன் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். “வெற்றி விழா டைரக்டரா? மூடுபனில பொம்பளைங்களைக் கொல்லுவானே, அந்த ஆளா?”

“அவருதாண்ணே.”

“ரெண்டும் ஒரே ஆளா!”

முப்பது வருஷத்துக்கு மேல் படம் வாடகைக்கு விட்ட மனிதர் கேட்கிற கேள்வி இது. அவரைக் குறை சொல்லவில்லை. அவர் வைத்திருக்கிற நோட்டைப் பார்த்தால் காரணம் புரிந்துவிடும். நீளமான கணக்கு நோட்டு. எம்.ஜி.ஆருக்கு ஒன்று, சிவாஜிக்கு ஒன்று, ரஜினிக்கும் கமலுக்கும் சேர்த்து ஒன்று, மற்றவர்களுக்குத் தடியாக ஒன்று. பெயர் தமிழில், பக்கத்தில் பையன் பர்மிய எழுத்தில் குறித்த எண். ஹீரோ பெயர் சொன்னால் படம் வரும். டைரக்டருக்கு நோட்டே இல்லை.

பயின்னவுங் மண்டியில் பருப்புக் கணக்கு எழுதுகிறவள் நான். உளுந்தைத் துவரையோடு போட்டால் என் முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அந்தக் கண்ணோடு பார்த்தபோது ஒன்று பட்டது. நடிகராக இருந்து டைரக்டர் ஆனவர்களில் பெரும்பாலோர் இந்த நோட்டில் பத்திரமாக இருக்கிறார்கள். எம்.ஜி.ஆர். டைரக்ட் பண்ணியது மூன்று படம்: 1958-இல் ‘நாடோடி மன்னன்’, 1973-இல் ‘உலகம் சுற்றும் வாலிபன்’, 1978-இல் ‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்’. மூன்றிலும் அவரே ஹீரோ. கமல் ‘ஹே ராம்’ எடுத்தாலும் ‘விருமாண்டி’ எடுத்தாலும் முன்னால் நிற்பது கமல். முகம் இருக்கிறவரை நோட்டில் இடம் இருக்கும். பிரதாப் பன்னிரண்டு படம் டைரக்ட் பண்ணினார். முதல் படத்தில் மட்டும்தான் அவர் நாயகன். அதன் பிறகு கமல், பிரபு, சத்யராஜ், நாகார்ஜுனா, ராம்கி, நெப்போலியன், கார்த்திக், மோகன்லால் என்று ஆளாளுக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டார். நோட்டில் அவர் பல இடத்தில் சிதறிக் கிடக்கிறார், பெயரில்லாமல்.

சேர்த்துக் கொடுத்தது கடையில் வேலை செய்கிற தம்பி. தமிழைவிடப் பர்மிய மொழி சரளமாக வருகிற பையன். நான் ஒரு தாளில் படப்பெயர், வருஷம், ஹீரோ என்று மூன்று கட்டம் போட்டுக் கொடுத்தேன். அவன் அதைக் கம்ப்யூட்டர் மேல் ஒட்டிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடினான். என் வீட்டு டிவியில் தமிழ் எழுத்துப் பெயர் கட்டம் கட்டமாகத்தான் தெரியும் என்று சொல்லியிருந்தேன். அதை ஞாபகம் வைத்து, படங்களுக்கு வெறும் எண் கொடுத்து, எந்த எண் எந்தப் படம் என்று கையால் ஒரு சீட்டு எழுதி ஸ்டிக்கோடு ரப்பர் பேண்ட் போட்டுத் தந்தான். கையெழுத்து கோணல்தான், ‘பன்னீர்’ ‘பண்ணீர்’ ஆகியிருந்தது. ஆனாலும் காசு கொடுத்து வாங்கிய எந்த டிவிடி பெட்டியிலும் இவ்வளவு ஒழுங்கான சீட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

இனி வந்த சரக்கு.

நடித்த படங்களில் நாலு பழுதில்லாமல் வந்திருந்தன. ‘அழியாத கோலங்கள்’, ‘மூடுபனி’, ‘வறுமையின் நிறம் சிவப்பு’, ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’. 1979, 80-இல் அடுத்தடுத்து வந்தவை. பாலு மகேந்திரா, பாலசந்தர், மகேந்திரன் மூவரும் ஒரே நேரத்தில் ஒரு ஆளைக் கூப்பிட்டிருக்கிறார்கள், அதுவும் தமிழ் முழுசாக நாக்கில் உட்காராத ஒரு மலையாளத்துக்காரரை. திருவனந்தபுரத்துப் பணக்கார வீட்டுப் பிள்ளை. அண்ணன் ஹரி போத்தன் பெரிய தயாரிப்பாளர். படிப்பு ஊட்டி லவ்டேல் லாரன்ஸ் பள்ளியிலும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும். விளம்பரக் கம்பெனியில் வாசகம் எழுதிக்கொண்டிருந்தவரை, மெட்ராஸ் பிளேயர்ஸ் நாடகத்தில் பார்த்துப் பரதன் 1978-இல் ‘ஆரவ’த்துக்கு இழுத்தார். மறு வருஷம் ‘தகர’. அந்த ஒரு படத்தில் கேரளம் முழுக்கத் தெரிந்த முகம் ஆகிவிட்டார்.

மூன்று டைரக்டர்களும் அவரிடம் எடுத்துக்கொண்டது ஒன்றைத்தான்: நிலைகொள்ளாமை. ‘மூடுபனி’யில் ‘என் இனிய பொன் நிலாவே’ வருகிற இடத்தை இந்த முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பாட்டைத் தனியாகக் கேட்டால் காதல் பாட்டு. கல்யாண வீட்டில்கூடப் போடுகிறார்கள். படத்தில் அவன் கடத்திக்கொண்டு வந்த பெண்ணுக்கு முன்னால் கிட்டாரோடு உட்கார்ந்து பாடுகிறான். ஜேசுதாஸ் குரல் குழைகிறது. பிரதாப்பின் முகத்தில் ஒரு குழந்தை, நான் நல்லாப் பாடறேன் இல்ல என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஷோபாவின் பயம் அதனால்தான் இரட்டிப்பாகத் தெரிகிறது. இளையராஜாவுக்கு நூறாவது படம் இது என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இது பிரதாப்பின் படம்.

‘வறுமையின் நிறம் சிவப்பு’ ஏற்றும்போது தம்பி கேட்டான், “இதுல இவரு எங்கக்கா? இது கமல் படமாச்சே.” பார் என்றேன். அதில் பிரதாப் நாடக டைரக்டர். ஸ்ரீதேவியை ஒருதலையாகப் பிடிவாதம் பிடித்துக் காதலிக்கிற, தான் நினைத்தபடிதான் உலகம் நடிக்க வேண்டும் என்கிற ஆள். நிஜத்தில் டைரக்டர் நாற்காலியில் உட்காருவதற்கு ஐந்து வருஷத்துக்கு முன்னால் பாலசந்தர் அவரை அப்படி உட்கார வைத்துவிட்டார். ஆனால் அவர் எடுத்த படங்களைப் பார்த்தால் அந்த நாடக டைரக்டருக்கு நேர் எதிர். அடுத்தவன் முகத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறவர்.

முதல் படம் ‘மீண்டும் ஒரு காதல் கதை’, 1985. ராதிகா தயாரிப்பு. மனவளர்ச்சி குன்றிய இருவரின் காதல். ராதிகாவும் பிரதாப்புமே அந்த இருவர். பி.சி. ஸ்ரீராம் கேமரா, இளையராஜா இசை. அறிமுக இயக்குநரின் சிறந்த படத்துக்கான இந்திரா காந்தி விருது, தேசிய விருதுகளில் இதற்குக் கிடைத்தது. கடை கொடுத்த பிரின்ட் இங்கேதான் காலை வாரியது. எந்தக் காலத்திலோ டிவியில் ஓடியதைப் பிடித்த பிரதி. படத்தை இழுத்து அகலமாக்கி, சாருஹாசன் முகமெல்லாம் பூசணிக்காய். மூலையில் சேனல் முத்திரை. பொறுத்துக்கொண்டு பார்த்தேன். சில இடத்தில் நடிப்பு கூடிப்போய்விடுகிறது என்று இப்போது தோன்றுகிறது. இந்த மாதிரிப் பாத்திரங்களை அன்றைக்கு அப்படித்தான் நடித்தார்கள். ஆனால் அவர்களைப் பார்த்து யாரும் ‘ஐயோ பாவம்’ சொல்ல வேண்டும் என்று படம் கெஞ்சவில்லை. 1985-க்கு அது பெரிய விஷயம்.

அடுத்து 1987-இல் மலையாளத்தில் ‘ருதுபேதம்’, எம்.டி. வாசுதேவன் நாயர் எழுதியது. திலகனுக்குத் துணை நடிகர் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். கடையில் கிடைக்கவில்லை. சீட்டில் அந்த எண்ணுக்கு நேரே ‘இல்லை, தேடறேன்’ என்று எழுதியிருந்தது. பொய்யாக வேறு ஒன்றைத் தள்ளாமல் அப்படி எழுதியதற்கு ஒரு மார்க்.

அந்த மார்க்கை அடுத்த எண்ணிலேயே கழித்துவிட்டேன். 1988 ‘ஜீவா’ கேட்டிருந்தேன், சத்யராஜும் அமலாவும் நடித்தது. ஸ்டிக்கில் இருந்தது 2014 ‘ஜீவா’. விஷ்ணு விஷால் கிரிக்கெட் மட்டையோடு ஓடுகிறார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வந்து உட்கார்ந்து, நான் சத்யராஜ் வருவார் வருவார் என்று காத்திருக்க, அவர்கள் நல்ல படம் என்று முழுசாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். தாளில் வருஷம், ஹீரோ எல்லாம் எழுதிக் கொடுத்த பிறகும் இது நடந்தது. மாற்றித் தரக் கேட்டபோது அண்ணன் முதலில், “ரெண்டும் ஜீவாதானேம்மா” என்றார். பிறகு காசில்லாமல் சரியானதை ஏற்றித் தந்தார். அந்தப் பதிலை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

‘டெய்சி’க்கு வருவோம். அதுவும் 1988, மலையாளம். ஊட்டி, ஹாஸ்டல், ஒரு பையன், ஒரு பெண். பெண்ணின் அண்ணனாகக் கமல். வருஷ வரிசையில் பார்த்தால்தான் இது கண்ணில் படும்: ‘மூடுபனி’யில் கடத்தி வந்த பெண்ணோடு ஊட்டிக்குப் போகிறார். 1981 ‘பன்னீர் புஷ்பங்கள்’ ஊட்டிப் பள்ளிக்கூடக் காதல், அதில் இவர் வாத்தியார். பிறகு டைரக்டராக மறுபடி ஊட்டிப் பள்ளிக்கூடம். படித்ததும் அங்கே. ஹாஸ்டல் பிள்ளைகளின் கும்மாளமும், எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு தங்கிவிட்ட ஒருத்தனின் தனிமையும் இந்தப் படத்தில் இருக்கிற மாதிரி வேறு ஆள் எடுத்திருக்க முடியாது. சப்டைட்டில் இல்லை. எனக்கு மலையாளம் முக்கால்வாசி புரியும், அதனால் சமாளித்தேன். தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் கேட்டு வாங்குங்கள். (‘பன்னீர் புஷ்பங்கள்’ பின்பாதி ஸ்டிக்கில் இல்லவே இல்லை. பிறகு போய் வாங்கிக்கொண்டேன்.)

‘வெற்றி விழா’ பிரின்ட் பளிச்சென்று இருந்தது. 1989, சிவாஜி புரொடக்‌ஷன்ஸ். குண்டடி பட்டு, தான் யார் என்பதே மறந்துபோன ஒருவன். இங்கிலீஷ் நாவலிலிருந்து வந்த கதை. சின்ன வயதில் பெகுவில் அத்தை வீட்டில் வீடியோ கேசட்டில் பார்த்தபோது, ‘மாருகோ மாருகோ’ வந்தால் டேப்பைத் திருப்பித் திருப்பி ஓட்டி, ஹெட் தேய்ந்துபோனது என்று மாமா கத்துவார். இப்போது பார்த்தால் பாட்டைவிட வில்லன்தான் நிற்கிறார். சலீம் கவுஸ். ஜிந்தா என்று பெயர். கத்துவதில்லை, கையை வீசுவதில்லை, அடுத்து என்ன செய்வான் என்று சொல்ல முடியாத ஒரு நிதானம். பைத்தியக்காரப் பாத்திரங்களை நடித்து நடித்துச் சலித்த ஒருவர், தனக்குக் கிடைக்காத நிதானத்தை இன்னொரு நடிகனிடம் கொடுத்துப் பார்த்த மாதிரி எனக்குப் பட்டது. இது என் யூகம்தான்.

இந்தப் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனது. எங்கள் பேட்டரி ஒரு படத்தைத் தாங்கும், பாட்டோடு சேர்த்தால் தாங்காது. மறுநாள் தெருவே “மீ லாபீ!” (கரன்ட் வந்தாச்சு) என்று கத்தின பிறகுதான் மீதியைப் பார்த்தோம். ஸ்டிக்கில் ஒரு வசதி, விட்ட இடத்திலிருந்து ஓடும். தம்பி படங்களை அதற்குத் தோதான வகையில் மாற்றி ஏற்றியிருந்தான். எல்லாக் கடையிலும் இதைச் செய்வதில்லை.

தொண்ணூறுகளின் படங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ‘மை டியர் மார்த்தாண்டன்’ கவுண்டமணிக்காகப் பார்க்கலாம். நாகார்ஜுனாவை வைத்துத் தெலுங்கில் ‘சைதன்யா’. ‘மகுடம்’, ‘ஆத்மா’ இரண்டும் ஸ்டிக்கில் இருக்கின்றன, இருக்கட்டும். ‘லக்கி மேன்’ தெலுங்கு ‘யமலீலா’வின் தமிழ். கவுண்டமணி எமனாக வந்து படத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார். டைரக்டர் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

நடுவில் ஒன்று தனியாக நிற்கிறது: 1994 ‘சீவலப்பேரி பாண்டி’. சௌபா ஜூனியர் விகடனில் எழுதிய, திருநெல்வேலிப் பக்கத்தில் நிஜமாக வாழ்ந்த ஒருவனின் கதை. லவ்டேல் பிள்ளைக்கு நெல்லைச் சீமை என்ன தெரியும் என்று நினைப்போம். நெப்போலியனை அந்த மண்ணிலே முளைத்தவர் மாதிரி நிறுத்தியிருக்கிறார். என் பாட்டனார் கப்பலேறி வந்தது அந்தப் பக்கத்திலிருந்துதான், அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘ஏல’ என்று ஒருத்தன் கூப்பிடுவதில் பொய் இருந்தால் எனக்குத் தெரிந்துவிடும். இதில் பொய் குறைவு. நோட்டில் இது நெப்போலியன் பக்கத்தில் கிடக்கிறது.

கடைசிப் படம் 1997 ‘ஒரு யாத்ராமொழி’, மலையாளம். பார்த்தேயிராத தகப்பனைக் கொல்லத் தேடித் திரிகிற மகனாக மோகன்லால். தான் தேடுகிற ஆளோடேயே பழகிக்கொண்டிருக்கிறான், தெரியாமல். அந்தத் தகப்பன் சிவாஜி கணேசன். கடைக்காரர் இதைச் சிவாஜி நோட்டிலும் எழுதவில்லை, மற்றவர்கள் நோட்டிலும் எழுதவில்லை. எங்கோ ஒரு பழைய டிவிடி அட்டையில் சிவாஜி முகத்தைப் பார்த்துத் தம்பி கண்டுபிடித்தான். சிவாஜியை இவ்வளவு அடக்கி வாசிக்க வைத்த படங்கள் எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. பெரிய நடிகர் பக்கத்தில் பெரிய நடிகர் நிற்கும்போது கேமரா யார் பக்கம் சாயும் என்று காத்திருப்போம். சாயவில்லை. இதைச் செய்ய டைரக்டரும் நடிகராக இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அதோடு படம் எடுப்பதை விட்டுவிட்டார். விளம்பரப் படங்கள், பிறகு மறுபடி நடிப்பு: 2005-இல் ‘தன்மாத்ர’, 2010-இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’, 2012-இல் ‘அயாளும் ஞானும் தம்மில்’. இந்தக் கடைசியை அவசியம் பாருங்கள். மலைப்பிரதேசத்து ஆஸ்பத்திரியில் ஒரு கிழட்டு டாக்டர். இளம் வயதில் நிலைகொள்ளாமல் துடித்த அதே முகம், அசையாமல் உட்கார்ந்து எதிராளி பேசுவதைக் கேட்கிறது. 2022 ஜூலை 15-ஆம் தேதி சென்னையில் காலமானார்.

கடைக்கு என் கணக்கு: தேடித் தருவதில் பத்துக்கு எட்டு. பிரின்டுக்கு ஐந்து. பையனின் சீட்டுக்குத் தனியாகப் பத்து. என் தாளைப் பார்த்து அண்ணன் ‘டைரக்டர்’ என்று புது நோட்டு ஒன்று போட்டிருக்கிறார். முதல் பக்கத்தில் பிரதாப் போத்தன், இரண்டாம் பக்கத்தில் யார் என்று என்னையே கேட்டார். நாகேஷ் ஒரு படம் எடுத்தார், சந்திரபாபு ஒரு படம் எடுத்தார், பானுமதி ‘சண்டிராணி’யை 1953-லேயே எடுத்துவிட்டார் என்றேன். “பானுமதியா? பாடுவாங்களே?” என்றார்.

போகிறவர்கள் கவனிக்க: ஸ்டிக்கை நீங்களே கொண்டுபோங்கள். அங்கே விற்பதில் கொள்ளளவு மேலே எழுதியிருக்கிற அளவு இருப்பதில்லை. ஞாயிறு சாயங்காலம் சீரியல் ஏற்ற வருகிற கூட்டம், பக்கத்தில் போக முடியாது. கரன்ட் இருக்கிற நேரம் கேட்டுக்கொண்டு காலையில் போங்கள். பழைய படம் என்றால் வருஷத்தையும் ஹீரோவையும் தாளில் எழுதிக் கொடுத்து, தம்பி கையில் கொடுங்கள், அண்ணன் கையில் கொடுக்காதீர்கள். வீட்டுக்கு வருவதற்கு முன்னால் அங்கேயே ஒவ்வொன்றையும் ஓட விட்டுப் பார்த்துவிடுங்கள், ‘ஜீவா’வை முக்கியமாக.